ஒரே பந்தியில் உட்கார வைத்த நேதாஜி



நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23 அன்று கட்டாக் நகரில் பிறந்தார். அப்பா பெரிய வக்கீல். இங்கிலாந்து போய் ஐ.சி.எஸ். பரீட்சையில் நான்காவதாகத் தேறினார். வெள்ளைக்காரனிடம் கைகட்டி வேலை பார்க்க மனசு வராமல் 1921-ல் அந்த உத்தியோகத்தையே விட்டுவிட்டார். 1938-லும் 1939-லும் காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலில் இருந்து மாறுவேடத்தில் தப்பி ஜெர்மனி போனார். 1943-ல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்து, ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார்.

இதில் நம்ம ஊர்ப்பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவில் இருந்து எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள்தான் ஆயிரக்கணக்கில் நேதாஜி படையில் சேர்ந்தாங்க.

வெள்ளைக்காரன் ராணுவத்தில் பல பிரிவுகளில் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனி கம்பெனி, தனித்தனி சமையல். நேதாஜி படையில் எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சொல்வதற்கும் ஒரே வணக்கம், ஜெய்ஹிந்த். அவர் இந்துஸ்தானியில் பேசினால் தோட்டத்து ஆட்களுக்காகத் தமிழில் மொழிபெயர்ப்பார்கள்.

1943-ல் சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு அவரை அழைத்தார்கள். எல்லா சாதிக்காரர்களையும் எல்லா மதத்தாரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். கோயில்காரர்கள் சம்மதித்த பிறகு, முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போனார்.

அதே வருஷம் அக்டோபரில் பெண்களுக்காக ஜான்சி ராணிப் படை தொடங்கினார். தலைவி கேப்டன் லட்சுமி. அதில் நிறைய பேர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் பலர், இந்தியாவுக்காகத் துப்பாக்கி பிடித்தார்கள்!

1944-ல் இம்பால் போரில் படை தோற்றது. பசி, மலேரியா, மழையில் பலர் இறந்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும்போது, ராணிப் படைப் பெண்களை விட்டுவிட்டு நேதாஜி தனியாகப் போகவில்லை. வண்டிகள் போன பிறகு அவர்களோடு இரவு இரவாக நடந்தார். பூட்ஸைக் கழற்றினால் காலெல்லாம் கொப்புளம். சிட்டாங் ஆற்றில் பெண்களை முதலில் அக்கரை சேர்க்கச் சொன்னார்.

1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அதை நம்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

போரில் அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தி ஜெயித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சத்துணவுக்கு நாம் எல்லாரும் ஒரே வரிசையில்தான் உட்காருகிறோம். சாயந்திரம் மணி அடித்து ஊருக்குள் போனதும் அந்த வரிசை தெருத் தெருவாகப் பிரிந்துவிடுகிறது. அது ஏன் என்று வீட்டில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

ஜெய்ஹிந்த்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி