மூன்று முறை தூக்கிலிடப்பட்டாரா மருதநாயகம்? தடயவியல் மருத்துவம் என்ன சொல்கிறது?

மதுரை வில்லாபுரத்தில் இருந்து நகரைக் குறுக்கே கடந்து மேற்கே போனால், தேனி சாலைப் பக்கம் சம்மட்டிபுரம். அங்கே ஒரு சின்ன தர்கா. கான் சாகிப் என்கிற மருதநாயகத்தின் உடல் அடங்கிய இடம்.

யார் இந்த மருதநாயகம்? கமல்ஹாசன் 1997-ல் தொடங்கி இன்னும் முடிக்காத படத்தின் நாயகன் என்றுதான் பலருக்கும் தெரியும். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் கான் ஆனார். சாதாரண சிப்பாயாக இருந்து கிழக்கிந்திய கம்பெனியின் இந்தியப் படைகளுக்கே தளபதியாக உயர்ந்தார். 1758-59-ல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, கம்பெனிக்குக் கைகொடுத்தவர்களில் இவர் முக்கியமானவர்.

பரிசாகக் கிடைத்தது மதுரை, திருநெல்வேலி நிர்வாகம். அதை நன்றாகவே செய்தார். வினையே அதுதான். ஆற்காடு நவாப் முகமது அலிக்குப் பொறுக்கல. வரிப்பணம் யாருக்கு என்ற தகராறு முற்றி, கடைசியில் கம்பெனிக்கு எதிராகவே கொடி பிடித்தார். 1763-ல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட படை தோற்றுத் திரும்பியது. அடுத்த வருஷம் வெளியே பீரங்கி, உள்ளே பட்டினி. 1764 அக்டோபர் 13-ல், தொழுகையில் இருந்தவரைக் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டே நாளில், அக்டோபர் 15-ல் தூக்கு.

இரண்டு தடவை கயிறு அறுந்துடுச்சு, மூன்றாவது முறைதான் உயிர் போச்சு என்பது மதுரையில் இன்றும் சொல்லப்படும் கதை. தாயத்து காப்பாற்றியது என்பார்கள். நடந்ததா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நடக்க முடியாத விஷயமும் இல்லை.

காரணம், அந்தக் காலத்தில் உயரத்தில் இருந்து விழவைத்துக் கழுத்தெலும்பை முறிக்கும் முறை கிடையாது. அயர்லாந்து மருத்துவர் சாமுவேல் ஹாட்டன் அதற்கான கணக்கைப் போட்டதே 1866-ல்தான். அதற்கு முன் தூக்கு என்றால் கழுத்து இறுகி, மூளைக்கு ரத்தமும் நுரையீரலுக்குக் காற்றும் தடைபட்டு வரும் மரணம். இடையில் கயிறு அறுந்தால் ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இன்றைய பிரேதப் பரிசோதனை இதை எப்படிப் பிரிக்கிறது? தூக்கு என்றால் கயிற்றுத் தடம் கழுத்தின் மேல்பகுதியில், முடிச்சை நோக்கிச் சாய்வாக ஏறும். பெரும்பாலும் முழு வட்டமாக இருக்காது. கயிற்றால் யாரோ நெரித்திருந்தால் தடம் கீழே, கிடைமட்டமாகச் சுற்றி வரும். கையால் நெரித்தால் நகக்கீறல், கண்ணில் ரத்தப்புள்ளிகள், சிலருக்கு நாக்கடியில் இருக்கும் ஹையாய்டு எலும்பில் முறிவு. ஒரே ஓர் அடையாளத்தை வைத்து எந்த மருத்துவரும் முடிவு சொல்ல மாட்டார். கழுத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

மருதநாயகம் விஷயத்தில் அந்தக் கழுத்துதான் சிக்கல். செத்த பிறகும் அவர் எழுந்து வந்துடுவாரோ என்ற பயத்தில் உடலைத் துண்டாக்கி, தலையைத் திருச்சிக்கும் கை கால்களை வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. சம்மட்டிபுரத்தில் இருப்பது மிச்ச உடல் மட்டுமே.