பொய்யில் மெய் கண்டவர்: கொர்னேய் சுக்கோவ்ஸ்கி

கதையில் வருவது நடப்பா, புனைவா எனப் பிரித்தறியக் குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது? புனைவை விலக்கி உண்மையை மட்டும் ஊட்டினால் போதும் என்பர் ஒரு சாரார். புனைவோடு விளையாடவிட்டால் உண்மை தானே விளங்கும் என்பர் மறு சாரார். இவ்விரண்டாம் கருத்தைத் தம் வீட்டுக் குழந்தையிடமே கண்டறிந்து, நூலாக்கி, அதன்பொருட்டு வசைக்கு ஆளாகி, ஒருமுறை அதனைக் கைவிட்டு, கைவிட்டதற்காகப் பின்னாளில் நாணியவர் ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி.

அவர் 1882-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இயற்பெயர் நிக்கொலாய் கொர்னெய்ச்சுக்கவ். தாய் உக்ரைனிய உழவர் குடியினர். தந்தை செல்வம் மிக்க யூதக் குடும்பத்தினர். இருவருக்கும் திருமணம் நிகழவில்லை. கைவிடப்பட்ட தாய், மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஒடெஸ்ஸா துறைமுக நகருக்குச் சென்று, பிறர் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். குடிப்பிறப்பைக் காரணம் காட்டி மகன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். ஆங்கிலத்தைத் தாமே முயன்று கற்றார். 1901-இல் ஒடெஸ்ஸா நாளிதழ் ஒன்றில் எழுதத் தொடங்கினார். 1903-இல் அதன் செய்தியாளராக லண்டன் சென்றார். தம் குடும்பப் பெயரையே இரண்டாகப் பிரித்துப் புனைபெயர் ஆக்கிக்கொண்டார். பெயரே புனைவாய் அமைந்த ஒருவர் புனைவுக்காக வாதாட நேர்ந்தது பொருத்தமே.

திறனாய்வாளராகப் புகழ்பெற்றிருந்த அவரைக் குழந்தைக் கவிஞராக்கியது ஒரு ரயில் பயணம். நோயுற்ற மகனைத் தேற்ற, வண்டி ஓடும் தாளத்திலேயே ஒரு முதலையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ‘முதலை’ 1917-இல் அச்சேறியது. குளிக்காத சிறுவனைக் கடிந்துகொள்ளும் கைகழுவுதொட்டியும், காட்டு விலங்குகளையெல்லாம் நடுங்கவைக்கும் கரப்பான்பூச்சியும் 1923-இல் வந்து சேர்ந்தன. விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கும் அய்பலீத் 1929-இல் வந்தார்.

1920-இல் பிறந்த அவருடைய இளைய மகள் மூரா 23 மாதக் குழந்தையாயிருந்தபோது ஒருநாள் தந்தையிடம் ஓடிவந்து, நாய் மியாவ் என்று கத்துவதாகச் சொல்லிவிட்டுக் கலகலவென நகைத்தாள். தந்தை முதலில் திருத்தினார். அவளோ திருத்தத்தை ஏற்கவில்லை, விளையாட்டுக்கே அழைத்தாள். புரிந்துகொண்ட தந்தை தாமும் அவ்விளையாட்டில் சேர்ந்துகொண்டார். குழந்தையின் களிப்புக்கு எல்லையில்லை.

அந்த நகைப்பில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். நாய் குரைக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த குழந்தைக்கே, நாய் மியாவ் என்பது வேடிக்கையாகும். தெரியாத குழந்தை நகைப்பதில்லை, அப்படியே நம்பிவிடும். ஆகவே தலைகீழ்ப் பாடல் குழந்தையின் அறிவைக் கெடுப்பதில்லை. கற்றதைச் சோதித்து, வென்று, உறுதிசெய்துகொள்ளவே அது உதவுகிறது. முதலில் உலகின் ஒழுங்கு மனத்தில் பதியவேண்டும். அதன்பின் அதைப் புரட்டிப்போட்டு விளையாடவேண்டும். ரஷ்ய, ஆங்கில நாட்டுப்புறப் பாடல்களில் இத்தகைய புரட்டல்கள் மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டி, குழந்தை வளர்ப்பில் மக்கள் கண்ட பழைய முறை இது என நிறுவினார். 1926-இல் வந்த அவருடைய ‘குழப்பம்’ இம்முறையில் அமைந்ததே. பூனைக்குட்டிகள் பன்றிபோல் உறுமுகின்றன, கடல் தீப்பற்றுகிறது, இறுதியில் ஒவ்வோர் உயிரும் தன் குரலுக்குத் திரும்புகிறது. திரும்புதலே பாடலின் பாடம்.

புனைவு எப்போதும் களிப்பையே தரும் என அவர் கருதவில்லை. மூராவைப் பெயர் சொல்லியே எழுதிய மற்றொரு பாடலில், சிறுமி தானே கற்பனை செய்து வரைந்த பூதத்தைக் கண்டு தானே அஞ்சுகிறாள். அச்சமும் அவளுடையது, ஆக்கமும் அவளுடையது என்பதை அப்பாடல் மென்மையாக உணர்த்துகிறது.

குழந்தைகளின் மொழியையும் சிந்தனையையும் பற்றிய அவர் நூல் 1928-இல் வெளிவந்தது. 1933-இலிருந்து ‘இரண்டு முதல் ஐந்து வரை’ என்னும் பெயர் பெற்றது. கதைகளை விலக்கி மகனை வளர்த்த கல்வியாளத் தாய் ஒருவரைப் பற்றி அதில் கூறுகிறார். அச்சிறுவனோ தன் அறையில் சிவப்பு யானை குடிவந்திருப்பதாகத் தானே கதை கட்டினான். கதவை அடைத்தாலும் கற்பனை உள்ளிருந்தே முளைக்கும் என்பது இதனால் புலனாகும்.

ஆயினும் எதிர்ப்பு வலுத்தது. லெனினின் துணைவியாரும் கல்வித்துறைத் தலைவர்களுள் ஒருவருமான குரூப்ஸ்கயா 1928 பிப்ரவரியில் ‘பிராவ்தா’ இதழில் ‘முதலை’யைக் கடிந்து எழுதினார். முதலையின் உண்மை வாழ்வை அறியவேண்டிய குழந்தைக்கு உளறல் கிடைக்கிறது என்பதும், கவிஞர் நெக்ராசவை அந்நூல் பகடி செய்கிறது என்பதும் அவர் குற்றச்சாட்டுகள். மறுமாதமே மாக்சிம் கார்க்கி மறுப்பு எழுதித் துணைநின்றார். எனினும் தாக்குதல் ஓயவில்லை.

1929-இல் கிரிமியாவின் அலுப்காவில், நோயுற்ற குழந்தைகளுக்கு முன்சாசன் பிரபுவின் புளுகுக் கதைகளை அவர் படித்துக் காட்டினார். சில நிமிடங்களில் குழந்தைகள் நோயை மறந்து ஆரவாரித்தனர். பிரபுவின் ஒவ்வொரு பொய்யையும் தாம் அறிந்த உண்மையால் அவர்கள் முறியடித்தனர். அந்த வெற்றியே நகைப்பாய் வெடித்தது. அங்கிருந்த பொறுப்பாளர்களோ நூலைப் பிடுங்கிச் சென்றனர்.

அதே ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது அவர் வாழ்வின் சரிவு. தம் பழைய கதைப்பாடல்களைத் துறப்பதாகவும், கூட்டுப்பண்ணை வாழ்வைப் பாடும் புதுநூல் தருவதாகவும் உறுதியளிக்கும் கடிதம் அவர் பெயரில் ஏட்டில் வெளிவந்தது. அப்புதுநூலை அவர் எழுதவேயில்லை. உண்மை மட்டுமே வேண்டும் என்றவர்களுக்காக, தாம் உண்மை என்று நம்பாததற்குக் கையொப்பமிட நேர்ந்ததே இதிலுள்ள கொடுமை. சின்னாட்களில் மூரா காசநோயில் வீழ்ந்தாள். 1931 நவம்பரில் அதே அலுப்காவில், 11 வயதில் உயிர்நீத்தாள். மகளின் நோயைத் தம் கையொப்பத்துக்கு வந்த தண்டனையாகவே கருதியதை அவர் முதுமையில் எழுதிவைத்தார்.

ஆயினும் ‘இரண்டு முதல் ஐந்து வரை’ நூலை அவர் கைவிடவில்லை. பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார். அலுப்கா நிகழ்ச்சியையும் அதில் சேர்த்தார். 1946-இல் அவருடைய ‘பிபிகோன்’ தொடர்கதை இடையிலேயே நிறுத்தப்பட்டபோதும் தளரவில்லை. பெரதெல்கினோ ஊரில் தம் வீட்டருகே 1957-இல் குழந்தைகளுக்கென நூலகம் அமைத்தார். நெக்ராசவை இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அவருக்கே, நெக்ராசவ் ஆய்வுக்காக 1962-இல் லெனின் பரிசு வழங்கப்பட்டது. 1969 அக்டோபர் 28-இல் மறைந்து, பெரதெல்கினோவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கையொப்பமிட்ட கடிதத்தை இன்று ஆய்வாளரன்றிப் பிறர் படிப்பதில்லை. கடல் தீப்பற்றும் பாடலையோ குழந்தைகள் இன்றும் கேட்டு நகைக்கின்றனர். எது மெய், எது பொய் என்பதை அவர்கள் சரியாகவே பிரித்தறிந்துவிட்டனர்.