இராசராசன் காசும் கல்லும்

சோழப் பேரரசருள் தலைசிறந்தவன் முதலாம் இராசராசன். சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாகப் பிறந்த இவனது இயற்பெயர் அருள்மொழிவர்மன். கி.பி. 985-ஆம் ஆண்டு அரியணை ஏறி, 1014 வரை ஆட்சி புரிந்தான்.

இவன் சேரரை வென்றான். பாண்டியன் அமரபுயங்கனை வென்றான். வட இலங்கையையும் கைப்பற்றினான். நாஞ்சில் நாட்டுக் கோட்டாறு மும்முடிச் சோழநல்லூர் எனப் பெயர் மாறியது. பொன்னிலும் வெள்ளியிலும் செம்பிலும் இவன் காசு வெளியிட்டான். சில காசுகளில் புலி அமர்ந்திருக்க, அருகில் பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் உள்ளன. நம் குலசேகரன்பட்டினத்தின் பெயரிலுள்ள குலசேகரன் என்பது பாண்டியர் பலர் தாங்கிய பெயர். எனவே அந்த மீன் நம் நாட்டு மீன். வென்றவனுக்குப் பெருமையான அச்சின்னம், தோற்றவனுக்கு எவ்வளவு துயரமாக இருந்திருக்கும்!

காசில் தன் பெயரைப் பொறிப்பது அரசர் வழக்கம். இராசராசனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், கி.பி. 800-இல் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, திருத்தந்தை மூன்றாம் சிங்கராயர் கையால் முடிசூடிய சார்லமேனும் தன் வெள்ளிக் காசுகளில் தன் பெயரையே பொறித்தான். ஒரு ராத்தல் வெள்ளிக்கு 240 காசு என்பது அவன் வகுத்த கணக்கு. அதன் வழிவந்த பவுனுக்கு 240 பென்னி என்னும் முறை, இங்கிலாந்தில் 1971 வரை நிலைத்திருந்தது. இராசராசனின் காசுக்கும் நீண்ட ஆயுள் உண்டு. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும் அருகே மன்னன் பெயரும் கொண்ட அவ்வமைப்பை இலங்கை மன்னர்கள் பின்பற்றினர். 1197-இல் பொலன்னறுவையில் அரியணை ஏறிய லீலாவதி அரசியும் அவ்வாறே தன் பெயரில் காசு வெளியிட்டாள்.

ஆயினும் இராசராசனின் உயர்ந்த உள்ளத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில்தான் காண்கிறோம். 1010-இல் நிறைவுற்ற அக்கோயிலுக்கு அளித்த காசுகள் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அவ்வட்டியால் வழிபாட்டுச் செலவுகள் நடந்தன. இக்கணக்குகள் யாவும் கல்லில் வெட்டப்பட்டன. தான் கொடுத்தவற்றை மட்டுமன்றி, தமக்கை குந்தவையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்தவற்றையும் பொறிக்குமாறு மன்னன் ஆணையிட்டான். கோயிலில் பணிபுரிந்த ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்களும் அங்கே உள்ளன.

காசில் அரசன் பெயர் மட்டுமே இருந்தது. கல்லிலோ எல்லார் பெயரும் இருக்கின்றன. பெற்ற வெற்றியில் பிறருக்குள்ள பங்கை மறைக்காமல் சொல்வதே பெருந்தன்மை. அன்புத் தோழியரே, அப்பண்பை நாமும் போற்றி வளர்ப்போமாக!