திருவிதாங்கூரை மூன்றாண்டு ஆண்ட ஸ்காட்லாந்து தளபதி: ஜான் மன்றோவின் வாழ்க்கை

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையின் வாயிலை நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடந்து செல்கின்றனர். பத்மநாபசுவாமி கோயிலையும் அரண்மனைகளையும் சூழ்ந்த இக்கோட்டைதான் அன்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் இருப்பிடமாக இருந்தது. ஆனால் 1811 முதல் 1814 வரை அந்நாட்டின் வரி, நீதி, கோயில் நிர்வாகம் ஆகிய அனைத்தையும் முடிவு செய்தவர் கோட்டைக்குள் வாழ்ந்தவர் அல்லர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான கர்னல் ஜான் மன்றோ.

சென்னை தீவுத்திடலில் குதிரை மீது அமர்ந்த சிலையாக நிற்கும் ஆளுநர் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு.

படையிலிருந்து அரசவைக்கு

1778-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மன்றோ, இளம் வயதிலேயே சென்னை ராணுவத்தில் சேர்ந்தார். படையின் தளவாடப் பொறுப்பை வகித்தபோது, அதிகாரிகளுக்கு ஆதாயம் அளித்துவந்த கூடார ஒப்பந்த முறையை எதிர்த்து அறிக்கை அளித்தார். அதனால் சக அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1809-ல் தலைமைத் தளபதியே அவரைக் கைது செய்ய உத்தரவிட்டார். சென்னை அரசு தலையிட்டு விடுவித்தது. கணக்கில் கறாரானவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

கடனில் மூழ்கிய நாடு

அப்போது திருவிதாங்கூர் பெரும் நெருக்கடியில் இருந்தது. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கம்பெனிப் படைகளின் செலவுக்காக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. தவறினால் நிர்வாகத்தைக் கம்பெனியே ஏற்கவும் அதில் வழி இருந்தது. இந்தச் சுமையும் ரெசிடென்ட் மெக்காலேயின் தலையீடும் திவான் வேலுத்தம்பியைக் கிளர்ச்சிக்குத் தள்ளின. 1809-ல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. வேலுத்தம்பி உயிர் துறந்தார்.

1810-ல் மெக்காலேயின் இடத்துக்கு மன்றோ வந்தார். அதே ஆண்டு இளம் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பேற்றார். 1811-ல் திவான் உம்மிணித்தம்பி நீக்கப்பட்டார். திவான் பதவியும் ரெசிடென்டான மன்றோவிடமே அளிக்கப்பட்டது. நாட்டைக் கண்காணிக்க வேண்டியவரே நாட்டை ஆள்பவராகவும் ஆனார். ராணி திருவனந்தபுரத்தில் இருக்க, தலைமைச் செயலகமான ஹுசூர் கச்சேரி கொல்லத்தில் இயங்கியது.

நீதியும் கோயிலும்

அதுவரை வரி வசூல், காவல், நீதி மூன்றும் காரியக்காரர்கள் என்ற ஒரே அதிகாரிகளிடம் குவிந்திருந்தன. மன்றோ அவர்களைத் தாசில்தார்களாக்கி, வரிப் பணியோடு நிறுத்தினார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய இடங்களில் மாவட்ட நீதிமன்றங்கள் தோன்றின. கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய நிலுவைகள் தீர்க்கப்பட்டன.

முந்நூறுக்கும் மேற்பட்ட பெரிய கோயில்களும் அவற்றின் நிலங்களும் அரசின் பொறுப்பில் வந்தன. கோயில் வருவாய் அரசுக் கணக்கோடு கலந்தது. கோயில்களை அரசு நிர்வகிக்கலாமா என்று கேரளத்தில் இன்றும் எழும் விவாதத்தின் வேர் இந்த நடவடிக்கையில் இருக்கிறது.

பாதியில் நின்ற விடுதலை

1812-ல் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்யும் அரச ஆணை வெளியானது. எனினும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழைப்பாளிச் சாதியினருக்கு அதில் விலக்கு வைக்கப்பட்டது. அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிய 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் தென்பகுதி. அங்கு கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணிய மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணியக் கூடாது. குப்பாயம் மட்டும் அணியலாம் என்று பின்னர் வரையறுக்கப்பட்டது. பெண்களின் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1859-ல்தான் நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியும் உரிமையை அரசு ஏற்றது. 1858-ல் காலமான மன்றோ அந்த நாளைக் காணவில்லை.

தீவில் நிலைத்த பெயர்

1814-ல் தேவன் பத்மநாபன் திவானானார். ராணி லட்சுமி பாய் 1815-ல் மறைந்த பின், அவருடைய தங்கை கௌரி பார்வதி பாய் குழந்தை சுவாதித் திருநாளுக்காக ஆட்சி நடத்தினார். மன்றோ 1819 வரை ரெசிடென்டாகத் தொடர்ந்தார். கோட்டயம் செமினரிக்கும் துணை நின்றார். அஷ்டமுடிக் காயலும் கல்லடை ஆறும் சந்திக்கும் தீவுக்கூட்டம் இன்றும் மன்றோத்துருத்து என்றே அழைக்கப்படுகிறது.

உள்நாட்டு மன்னரை அரியணையில் வைத்துக்கொண்டே அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் இந்த முறையை, 1900-க்குப் பின் வடக்கு நைஜீரியாவில் பிரடெரிக் லுகார்டு எமிர்கள் வழியாகப் பெரிய அளவில் நடத்தினார். திருவிதாங்கூர் அதனை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டது.

மன்றோ லஞ்சத்தை அடக்கினார், நீதிமன்றங்களை அமைத்தார், நாட்டைக் கடனிலிருந்து மீட்டார். ஆயினும் அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் கோட்டைக்குள் இருந்த ராணிக்கோ, வரி செலுத்திய குடிமக்களுக்கோ இருக்கவில்லை. அது சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்தது.