பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை வந்த கோல்கீப்பர்

நம் குடியிருப்பின் பின்புறத் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்குள் அடிக்கடி வரும் சண்டை ஒன்று உண்டு. கோல்கீப்பர் பந்தைக் கையால் பிடித்தது கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதுதான் அது. பெரியவர்களையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவதால் விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெனால்டி ஏரியா என்ற பெட்டிக்குள் கோல்கீப்பர் கையைப் பயன்படுத்தலாம். வெளியே வந்துவிட்டால் அவரும் மற்ற ஆட்டக்காரர்களைப் போலத்தான். அவர் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், பந்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். கோடும் பெட்டியைச் சேர்ந்ததே. பெட்டிக்குள் நின்றாலும், தன் அணியைச் சேர்ந்தவர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிட்ட பந்தையும் த்ரோ-இன்னில் நேராக எறிந்த பந்தையும் அவர் கையால் தொடக் கூடாது.

கோல்கீப்பரின் கையை இந்தப் பெட்டிக்குள் அடைத்தது 1912ஆம் ஆண்டு. அதற்குக் காரணம் யார் என்று கேட்டால் கால்பந்து வரலாறு தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் லீ ரிச்மண்ட் ரூஸ்.

ரூஸ் 1877 நவம்பரில் வேல்ஸ் நாட்டில் ரெக்ஸம் அருகே ஹோல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். ரூஸ் சிறுவனாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். அபெரிஸ்ட்வித் நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துக்கொண்டே அவ்வூர் அணிக்குக் கோல்கீப்பராக ஆடினார். அந்த அணி 1900இல் வெல்ஷ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு நாட்டு அணியிலும் இடம் கிடைத்தது. மொத்தம் 24 முறை வேல்ஸுக்காக ஆடினார். பிரிட்டனின் நான்கு நாடுகளுக்கிடையே நடந்த போட்டியில் வேல்ஸ் முதன்முதலாக 1907இல் பட்டம் வென்றபோதும் அணியில் இருந்தார்.

டாக்டராக வேண்டும் என்று லண்டனுக்குப் போனார். கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தும் கடைசி வரை டாக்டர் பட்டம் வாங்கவில்லை. ஸ்டோக், எவர்ட்டன், சண்டர்லாந்து என்று ஒவ்வொரு கிளப்பாக ஆடிக்கொண்டிருந்தவருக்குப் படிக்க எங்கே நேரம்?

அக்காலத்தில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் தரக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. ரூஸ் சம்பளம் வாங்காத அமெச்சூர். ஆனால் செலவுக் கணக்கு எழுதலாம் அல்லவா? அதை அவர் தாராளமாகவே எழுதினார். ஒருமுறை ரயிலைத் தவறவிட்டு, தனக்காகத் தனி ரயிலே ஏற்பாடு செய்து, பில்லை கிளப்புக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு சமயம் கணக்கை விவரமாகக் கொடுக்கச் சொன்னார்களாம். எதிரணியை விரட்ட ஒரு துப்பாக்கி, வேலையில்லாமல் நிற்கும்போது குளிருக்குக் கோட்டும் கையுறையும், இரண்டு முறை கழிவறை என்று ஒவ்வொன்றுக்கும் சில பென்ஸ் போட்டு எழுதிக் கொடுத்தார் என்பார்கள். வங்கியில் வருடக்கணக்காக வவுச்சர் பார்த்தவன் நான். பாஸ் செய்திருக்க மாட்டேன். ஆனால் ஒரு நகல் எடுத்து வைத்திருப்பேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய விதிப்படி கோல்கீப்பர் மைதானத்தில் தன் பாதி முழுவதிலும் பந்தைக் கையாளலாம். அதாவது நடுக்கோடு வரை! பந்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் நடக்கக் கூடாது, அவ்வளவுதான். இவ்வளவு உரிமை இருந்தும் பெரும்பாலான கோல்கீப்பர்கள் கம்பங்களை விட்டு நகரவில்லை. கையில் பந்து இருக்கும்போது அவரைத் தோளால் இடித்துத் தள்ள எதிரணிக்கு அனுமதி இருந்தது. நடுவழியில் யாராவது இடித்துப் பந்தைப் பறித்தால் பின்னால் காலியான கோல்தானே இருக்கிறது!

ரூஸுக்கு அந்தப் பயம் இல்லை. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால்தானே தவறு என்று, கூடைப்பந்து ஆடுபவர்களைப் போலத் தரையில் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை ஓடுவார். அங்கிருந்து நீளமாக எறிவார், அல்லது உதைப்பார். ஒரே நொடியில் தற்காப்பு தாக்குதலாக மாறிவிடும். விதியில் ஒரு எழுத்தைக்கூட அவர் மீறவில்லை.

எதிரணிகள் முறையிட்டன. கோல்கீப்பரே முன்னேறி வந்தால் ஆட்டத்தின் அழகு கெடுகிறது என்ற வாதமும் எழுந்தது. பழி முழுவதையும் ரூஸ் ஒருவர் மேல் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். 1910இல் ஸ்காட்லாந்தில் மதர்வெல், தேர்ட் லானார்க் அணிகள் ஆடிய ஓர் ஆட்டத்தில் இரண்டு கோல்கீப்பர்களுமே கோல் அடித்தார்கள். விதி வகுப்பவர்களை அதுவும் யோசிக்க வைத்திருக்கும். எப்படியோ, கோலிலிருந்து 18 கெஜம் வரை ஏற்கெனவே இருந்த பெனால்டி பெட்டியே கைக்கும் எல்லை என்று 1912இல் ஆனது. ரூஸின் மணிக்கட்டு 1910இலேயே முறிந்திருந்தது. உல்விச் ஆர்சனலில் கடைசியாக ஒரு பருவம் ஆடிவிட்டு, 34 வயதில், விதி மாறிய அதே வருடம் லீக் ஆட்டத்திலிருந்து விலகினார்.

1914இல் உலகப் போர் மூண்டது. ரூஸ் முதலில் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சிலும் கலிப்போலியிலும் பணிபுரிந்தார். பின்பு 1916இல் ராயல் ஃபியூஸிலியர்ஸ் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அவர் இருந்த பதுங்குகுழியை ஜெர்மானியர்கள் தீ உமிழும் கருவியால் தாக்கினார்கள். உடை கருகி, புகையில் மூச்சு திணறியும் அவர் சிகிச்சைக்குப் போகவில்லை. கை ஓயும்வரை கையெறி குண்டுகளை வீசிக்கொண்டே இருந்தார். நடுக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து பழகிய கை அல்லவா! இதற்காக மிலிட்டரி மெடல் கிடைத்தது, லான்ஸ் கார்ப்பரலாக உயர்வும் கிடைத்தது.

1916 அக்டோபர் 7ஆம் தேதி, சோம் போர்முனையில் கெடுகூர் என்ற ஊர் அருகே நடந்த தாக்குதலில் ரூஸ் கொல்லப்பட்டார். வயது 38. உடல் கிடைக்கவில்லை. அவர் கலிப்போலியில் இறந்துவிட்டதாகவே குடும்பத்தார் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ராணுவப் பதிவேட்டில் அவர் பெயரில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து மாறி, ரூஸ் என்பது ரவுஸ் என்று ஏறியிருந்தது. கல்லறை இல்லாத 72,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கி பிரான்சின் தியெப்வால் என்ற இடத்தில் நிற்கும் நினைவுச் சின்னத்திலும் அந்தத் தவறான பெயரைத்தான் பொறித்தார்கள்.