யார் இந்த டெரோசியோ? 17 வயசில் வாத்தியார், 22-ல் வேலை காலி!

கள்ளக்குறிச்சியில் 22 வயசுக்காரர்கள் பலர் இப்போதுதான் பி.எட். படித்துக்கொண்டிருப்பார்கள். ஹென்றி டெரோசியோவுக்கு அந்த வயசில் வாத்தியார் வேலையே போய்விட்டது.

1809-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 14 வயசில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். கவிதையும் எழுதினார். 1826-ல் அங்குள்ள இந்துக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

1828-ல் மாணவர்களோடு சேர்ந்து அகாடமிக் அசோசியேஷன் என்ற விவாத மன்றம் தொடங்கினார். நம்ம ஊர் பட்டிமன்றம் மாதிரி கைத்தட்டலுக்குப் பேசுவது அல்ல. கடவுள் உண்டா இல்லையா என்பது வரை எதையும் பேசலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கடவுள் நம்பிக்கையைக் கேள்வி கேட்ட டேவிட் ஹியூமோடு, அவருக்கு மறுப்பு எழுதிய தாமஸ் ரீடையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்.

நாத்திகம் பரப்புகிறார், பெற்றோர் பேச்சைக் கேட்காதே என்கிறார் எனப் புகார்கள் கிளம்பின. 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு அவரை நீக்க முடிவெடுத்தது. ஆதாரம் கேட்கச் சொல்லிக்கொடுத்தவரை, கூப்பிட்டு ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை! டெரோசியோ ராஜினாமா செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 26-ல் காலராவில் இறந்தார்.

அவர் வட்டத்தில் இருந்த ராதாநாத் சிக்தார்தான் பின்னாளில் எவரெஸ்ட் உயரத்தைக் கணக்கிட்டவர். இன்னொருவரான கிருஷ்ண மோகன் பானர்ஜியோ, கிறிஸ்தவப் பாதிரியாரே ஆகிவிட்டார்.