பாதாள ரெயிலை வீட்டுக் கூடத்தில் ஓட்டியவர்

லண்டன் மாநகரில் 1863-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி ஓர் அதிசயம் நடந்தது. பூமிக்கு அடியில் ரெயில் ஓடியது! உலகத்தின் முதல் பாதாள ரெயில் அதுதான். அதை ஓட்டிய கம்பெனியின் பெயர் மெட்ரோபாலிட்டன் ரெயில்வே.

அதே ஆண்டு மே மாதம் 15-ந் தேதி, இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு பிராங்க் ஹார்ன்பி என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பாதாள ரெயிலைக் கையளவாகச் சுருக்கி, குழந்தைகளின் வீட்டுக் கூடத்தில் ஓட வைத்தவர் அவர்தான்.

கணக்கு எழுதியவர்

ஹார்ன்பியின் தந்தை உணவுப்பொருள் வியாபாரி. 16 வயதில் ஹார்ன்பி பள்ளிப் படிப்பை நிறுத்தினார். தந்தையிடமே காசாளராக வேலைக்கு அமர்ந்தார். எந்திரங்கள் மீது அவருக்குத் தணியாத ஆசை. ஆனால் எந்திரத் தொழிலை அவர் எங்கும் படித்ததில்லை.

1887-ம் ஆண்டு கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். இரண்டு மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

1899-ல் தந்தை இறந்தார். வியாபாரமும் முடிவுக்கு வந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமே! இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரிடம் கணக்கு எழுதப் போனார் ஹார்ன்பி.

துளை போட்ட தகடு

வேலை முடிந்து வீடு திரும்பியதும் மகன்களுக்காகப் பொம்மை செய்வார். தகரத்தை வெட்டிப் பாலம் கட்டுவார். பாரம் தூக்கும் எந்திரம் செய்வார். ஒவ்வொரு பொம்மைக்கும் புதிது புதிதாகத் தகடு வெட்ட வேண்டியிருந்தது. அது பெரிய வேலை.

அப்போது அவர் மனதில் ஒரு யோசனை பளிச்சிட்டது. எல்லாத் தகடுகளும் ஒரே அகலத்தில் இருந்தால்? எல்லாத் துளைகளும் ஒரே இடைவெளியில் இருந்தால்? எந்தத் தகட்டையும் எதனோடும் பூட்டலாம். இன்று பாலம் கட்டலாம். நாளை அதையே கழற்றி வண்டி செய்யலாம்!

அரை அங்குல அகலத் தகடு. அதில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. திருகாணியும் மரையும் போட்டு முடுக்கினால் போதும். இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு.

இதற்குக் காப்புரிமை வாங்கப் பணம் வேண்டும். கையில் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் வாங்கினார். 1901 ஜனவரியில் விண்ணப்பம் போட்டார்.

லாபம் இல்லாத ஆண்டுகள்

எலியட்டும் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1902-ல் பொம்மைப் பெட்டி கடைக்கு வந்தது. விலை ஏழரை ஷில்லிங். அந்த நாளில் அது சிறிய தொகை அல்ல. 1903-ல் 1,500 பெட்டிகள் விற்றன. ஆனாலும் லாபம் இல்லை! லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எந்திரவியல் பேராசிரியர் ஹீல்-ஷா, இந்தப் பொம்மையைப் பாராட்டி நற்சான்று கொடுத்தார். 1906-ல்தான் முதன்முதலாகச் சிறிது லாபம் கிடைத்தது.

1907-ல் ஹார்ன்பிக்கு வயது 44. மாதச் சம்பளத்தை நம்பி மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தனர். பொம்மைத் தொழில் கவிழ்ந்தால் குடும்பமும் கவிழும். இருந்தும் அவர் துணிந்தார். வேலையை விட்டார். கடன் பெற்று, டியூக் தெருவில் சொந்தப் பட்டறை தொடங்கினார். பொம்மைக்கு மெக்கானோ என்று பெயரிட்டார்.

அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவியது. 1914-ல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலையே எழுந்தது.

ரெயில் வந்தது

முதல் உலகப்போருக்கு முன், பொம்மை ரெயில் என்றால் ஜெர்மனி நாட்டுச் சரக்குதான். போர் முடிந்தபின், 1920-ல் ஹார்ன்பி தம் பெயரிலேயே ரெயிலைக் கொண்டுவந்தார். தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர். சாவி முடுக்கினால் ஓடும். அதிலும் ஒரு விசேஷம். அந்த முதல் ரெயில்களும் திருகாணியால் பூட்டப்பட்டவைதான். பிள்ளைகள் கழற்றிப் பார்க்கலாம். மறுபடி பூட்டி ஓட்டலாம்.

1925-ல் மின்சார ரெயில் வந்தது. எதை மாதிரியாக வைத்தார்கள் தெரியுமா? ஹார்ன்பி பிறந்த ஆண்டில் ஓடத் தொடங்கிய அதே மெட்ரோபாலிட்டன் ரெயிலை!

தொடக்கத்தில் அந்த ரெயிலை நீராவி என்ஜின்தான் இழுத்தது. சுரங்கம் எங்கும் ஒரே புகை. 1905-ல் மின்சார ரெயில்கள் ஓடத் தொடங்கின. 1920-களில் 20 புதிய மின்சார என்ஜின்கள் வந்தன. அந்த என்ஜினைத்தான் ஹார்ன்பி கம்பெனி சின்னதாகச் செய்தது.

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி ஓடும். என்ஜினின் அடியில் உள்ள தகடு அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். அதன் வழியாக மின்சாரம் மோட்டாருக்கு ஏறும். சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்துக்குத் திரும்பும்.

விளையாட்டில் ஆபத்து

ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. வீட்டு விளக்குக்கு வரும் மின்சாரமே இந்தப் பொம்மைக்கும் வந்தது! இடையில் ஒரு பல்பை மாட்டி வேகத்தைக் குறைத்தார்கள். அதனால் ஆபத்து போய்விடவில்லை. தரையில் கிடக்கும் தண்டவாளத்தைக் குழந்தை தொட்டால் என்ன ஆகும்?

கம்பெனி அந்த முறையைக் கைவிட்டது. 4 வோல்ட், பிறகு 6 வோல்ட் என்று, சிறிய பாட்டரி சக்தியில் ஓடும் ரெயில்கள் வந்தன. 1930-களில் மின்மாற்றி வைத்து 20 வோல்டில் ஓட்டினார்கள். பிள்ளைகள் பயமின்றி விளையாடினார்கள்.

புகழும் முடிவும்

ஹார்ன்பி பெரும் செல்வரானார். 1931-ல் எவர்ட்டன் தொகுதியில் நின்று பார்லிமெண்டு உறுப்பினரானார். ஆனால் வாழ்வில் துயரமும் இருந்தது. மகள் இறந்துவிட்டாள். பிறகு அவர் உடல்நலமும் குன்றியது. இருதய நோயும் நீரிழிவும் வாட்டின. 1936 செப்டம்பர் 21-ந் தேதி, 73-வது வயதில் காலமானார்.

மகன் ரோலண்டு பொறுப்பேற்றார். 1938-ல், சாப்பாட்டு மேஜை மேலேயே ஓட்டக்கூடிய சிறிய ரெயில் வந்தது. தண்டவாள அகலம் பதினாறரை மில்லிமீட்டர்தான்! பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. ஹார்ன்பி என்ற பெயரில் பொம்மை ரெயில்கள் இன்றும் விற்பனையாகின்றன.

அரை அங்குலத் துளையின் கணக்கும் மாறவில்லை. தாத்தாவின் பழைய பெட்டியில் கிடக்கும் தகட்டைப் பேரனின் தகட்டோடு இன்றும் பூட்டலாம். எந்திரத் தொழில் படிக்காத ஒரு கணக்கர், சொந்தப் பிள்ளைகளுக்காகப் போட்ட கணக்கு அது!